லயக் காம்பரா சட்டத்தின் கண்ணில் யார் வீடு?

வலப்பனைப் பிரதேசத்தில் ராகலையிலோ உடப்புசல்லாவையிலோ ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, ஓய்வும் பெற்ற பெண்ணிடம் கேட்டால், “எங்க வீடுதான்” என்பார். பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் அவரே போட்ட மரக்கறித் தோட்டம். சட்டம் இப்படி ஒரே பதில் சொல்லாது. இவர் எங்கே வசிக்கிறார், எந்த நாட்டில் நிலைத்தவர், வீடு யாருக்குச் சொந்தம் என்று மூன்றையும் தனித்தனியே கேட்கும்.

முதலாவது வதிவு. ஒருவர் வழமையாகத் தங்கி வாழும் இடமே வதிவிடம். அது சொந்த வீடாக இருக்க வேண்டியதில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் பதிய யாரும் காணி உறுதி காட்டத் தேவையில்லை.

இரண்டாவது டொமிசைல். ஓர் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, இங்கேயே இருந்துவிடுவது என்ற எண்ணமும் வேண்டும். மனதில் உள்ளதை எதைக் கொண்டு நிரூபிப்பது? மலையகத்தின் பெருந்துயரம் இங்கேதான் தொடங்கியது. 1931-இல் டொனமூர் யாப்பு வாக்குரிமை தந்தபோது, டொமிசைலைக் காட்ட முடியாத தொழிலாளி ஐந்தாண்டு வதிவோடு நிரந்தரக் குடியேற்றச் சான்றிதழ் பெற்றும் வாக்காளராக முடிந்தது. 1948 பிரஜாவுரிமைச் சட்டமோ இங்கு வாழ்ந்த வருடங்களை விட்டுவிட்டு, முன்னோர் எங்கே பிறந்தார்கள் என்று கேட்டது.

அடுத்த ஆண்டே வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வருடக் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. 1946 ஜனவரி 1-க்கு முன் மணமானவர் 7 வருடம், மணமாகாதவர் 10 வருடம் தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் நாட்டை விட்டுப் போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துவிடும். திருச்சிப் பக்கம் ஊருக்குப் போன ஒருவர் நோயில் விழுந்து பதின்மூன்றாம் மாதம் திரும்பினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். லயத்தில் அவருடைய அடுப்பு எரிந்துகொண்டே இருந்திருக்கும். சட்டத்தின் கணக்கில் வதிவு முறிந்திருக்கும். அவர் இங்கே இருந்ததற்குச் சாட்சியான செக்ரோல் (வேலைப் பதிவேடு) தோட்டத்து ஆபீஸில் துரையின் பொறுப்பில் இருந்தது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கே. சட்டம் கேட்ட சாட்சியை வைத்திருக்க வழியில்லாதவர்களிடம் அதைக் கேட்டது அநியாயம்.

2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் அளவுகோலை எளிதாக்கியது. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும், இங்கு வசிக்கும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் பிரஜைகளாகலாம் என்றது.

மூன்றாவது கேள்வி சொத்துரிமை. இன்னும் தீராதது இதுதான். தோட்டக் காணியில் பெரும்பகுதி அரசுடையது. கம்பனிகள் குத்தகைக்கு வைத்திருக்கின்றன. எத்தனை தலைமுறை வசித்தாலும் அதனால் மட்டும் லயம் குடும்பத்தின் சொத்தாகிவிடாது. வதிவும் வாக்கும் இருந்தும்கூட, 1987 பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018-இல்தான்.

ஆகவே 7 பேர்ச்சோ 10 பேர்ச்சோ காணி கொடுக்கிறோம் என்று ஒரு தாள் கைக்கு வந்தால், அது உறுதியா, அனுமதிக் கடிதமா என்று முதலில் பாருங்கள். உறுதியென்றால் காணிப் பதிவகத்தில் பதிந்திருக்கிறதா, மனைவியின் பெயரும் அதில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிராம உத்தியோகத்தர் தரும் வதிவிடச் சான்றிதழ் நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள் என்பதற்கு மட்டுமே அத்தாட்சி.