சூரிய சந்திர ஏரியின் தாவ் மொழி

தைவான் தீவின் நடுவே, நான்தோ மாவட்டத்துச் சூரிய சந்திர ஏரியின் கரையில் வாழும் பழங்குடியினர் தாவ் மக்கள். அவர்களது மொழியின் பெயரும் தாவ்தான். அது ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பம் தைவானில் தோன்றி ஹவாய், மடகாஸ்கர் வரை பரவியது என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. தாவில் ஐந்து என்பது ‘தரிமா’; மலாயில் ‘லிமா’. ஆறுக்கும் எட்டுக்கும் தாவ் வேறு வழியில் போகிறது. ‘துரு’ மூன்று, ‘கத்துரு’ ஆறு. ‘ஷ்பத்’ நான்கு, ‘கஷ்பத்’ எட்டு. பாதி எண்ணை இரட்டித்துச் சொல்லும் அழகான ஏற்பாடு இது.

இன்று இந்த இனத்தின் மொத்த எண்ணிக்கையே ஆயிரத்தைத் தொடவில்லை. மொழியை யுனெஸ்கோ மிகக் கடுமையான அழிவு நிலையில் வைத்திருக்கிறது. மக்கள் தாங்களாக அதைக் கைவிட்டுவிடவில்லை; நிலம் பறிபோனதோடு மொழியின் சரிவும் சேர்ந்து வந்தது. ஜப்பானிய ஆட்சியில் நீர்மின் திட்டம் 1934-இல் முடிந்தபோது ஏரி பெருகியது. வயல்களும் குடியிருப்புகளும் மூழ்கின. முன்னோர் ஆவிகள் உறைவதாக அவர்கள் நம்பும் லாலு தீவு சிறு திட்டாகச் சுருங்கியது. கரையில் ஒரே ஊரில் ஒதுக்கப்பட்ட தாவ் மக்களைச் சுற்றி, சுற்றுலாவை நம்பி வந்த ஹான் சீனர் பெருகினர். கடையிலும் தெருவிலும் அவர்கள் பேசிய தைவானிய மொழி புழங்கியது. 1945-க்குப் பின் பள்ளியில் மாண்டரின் மட்டுமே. தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. இரண்டு தலைமுறைக்குள் வீட்டுப் பேச்சும் மாறிவிட்டது.

அரசு ஏடுகளில் வெகுகாலம் இவர்கள் த்சோ என்ற வேறோர் இனத்தின் கிளையாகவே எழுதப்பட்டார்கள். 1999 செப்டம்பர் நிலநடுக்கத்தில் தாவ் மக்களின் வீடுகளில் பெரும்பாலானவை இடிந்தன. அதற்குப் பின், 2001-இல்தான் தைவானின் பத்தாவது பழங்குடியாகத் தனி அங்கீகாரம் கிடைத்தது.

மொழியியலாளர் ராபர்ட் பிளஸ்ட் தொகுத்த தாவ் அகராதி 2003-இல் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய பெருநூல். அதற்குச் சொல் தந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்க முதியவர்கள். ஓர் இனத்தின் மொழியறிவு முழுவதும் அந்தச் சிலரின் நினைவில் நின்றது என்பது நெஞ்சைச் சுடும் உண்மை.

மொழி இன்னும் உறுதியாக ஊன்றி நிற்கும் இடம் வழிபாடு. ஒவ்வொரு வீட்டிலும் முன்னோரின் ஆடைகளும் அணிகளும் வைத்த பிரம்புக் கூடை ஒன்று உண்டு. சடங்கு நாட்களில் கூடைகளை வரிசையாக வைத்து, ஷின்ஷி எனப்படும் பெண் பூசாரிகள் முன்னோரைப் பெயர் சொல்லித் தாவ் மொழியில் அழைக்கிறார்கள். 2017-இல் தைவான் இயற்றிய பழங்குடி மொழிகள் மேம்பாட்டுச் சட்டம் இம்மொழிகளைத் தேசிய மொழிகள் என அறிவித்தது. பள்ளியில் பாடம் நடக்கிறது. இளையோர் முதியோரிடம் அமர்ந்து கற்கிறார்கள். ஆனால் பாடவேளைக்குள் கற்ற சொல் வீட்டுச் சமையலறைக்கும் படகுத்துறைக்கும் போய்ச் சேர்வதுதான் கடினமான பகுதி.