சிலந்திப்பேன் பூச்சி அல்ல

கத்தரி, வெண்டை இலைகளில் வெண்புள்ளிகள் தோன்றி, அடிப்புறம் நூலாம்படை படர்ந்தால் அது செஞ்சிலந்திப்பேனின் தாக்குதல். இதைப் பூச்சி என்றெண்ணிப் பூச்சிமருந்துக்குப் பணம் செலவழிக்கும் உழவர்கள் பலர்.

பூச்சிக்கு ஆறு கால்கள். வளர்ந்த சிலந்திப்பேனுக்கு எட்டு. உணர்கொம்பும் இறக்கையும் கிடையா. 1758-இல் லின்னேயஸ் சிலந்தி, பேன் இனங்களைப் பூச்சிகளோடு சேர்த்தார். 1801-இல் லமார்க் தனி வகுப்பாகப் பிரித்தார். இனம் வேறாதலால் பல பூச்சிமருந்துகள் இதைக் கட்டுப்படுத்துவதில்லை. செயற்கைப் பைரித்திராய்டு மருந்துகளோ, பேனைத் தின்னும் நன்மை செய்யும் உயிரிகளை அழித்து, அதைப் பெருகச் செய்யும்.

எனவே மருந்து வாங்குமுன் இலையின் அடிப்புறத்தைக் கைலென்சால் பார்க்கவும். எட்டுக்கால் பேன்கள் கூட்டமாக இருந்தால், நனையும் கந்தகத்தைச் சீட்டில் குறித்த அளவில், அடிப்புறம் நனையுமாறு மாலையில் தெளிக்கவும். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.