பயிற்சிப் பந்தயம் (அல்ட்ரா மாரத்தான்)

பயிற்சிப் பந்தயம் என்பது, மிக நீண்ட ஓட்டப்பந்தயம் ஒன்றிற்கு ஆயத்தமாகும் ஓட்டக்காரர், அதற்குச் சில வாரங்கள் முன்னதாக, அதைவிடக் குறுகிய அல்ட்ரா மாரத்தான் ஒன்றில் வெற்றியை நோக்காது பயிற்சிக்காகவே ஓடுவதைக் குறிக்கும். மாரத்தான் தொலைவான 42.195 கி.மீ.ஐ விட நீண்ட ஓட்டம் எதுவும் அல்ட்ரா மாரத்தான் எனப்படும். இவற்றுள் சாலையில் அன்றி மலைப்பாதைகளிலும் காட்டுப்பாதைகளிலும் நடைபெறுபவை தட ஓட்டங்கள் ஆகும். 100 மைல் (161 கி.மீ.) தட ஓட்டத்திற்கு முன்பாக 50 மைல் (80 கி.மீ.) அல்லது 100 கி.மீ. பந்தயம் ஒன்றை ஓடிப்பார்ப்பது பரவலான வழக்கம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நடைபெறும் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் 100 மைல் பந்தயம் இக்கட்டுரையில் முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

வரலாறு

ஒரு பந்தயத்தை மற்றொன்றிற்கான பயிற்சியாகக் கொள்ளும் வழக்கத்திற்குத் தென்னாப்பிரிக்கா நல்ல சான்று. அங்கு டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரங்களுக்கு இடையே 1921இல் தொடங்கிய காம்ரேட்ஸ் மாரத்தான் ஏறத்தாழ 90 கி.மீ. நீளமுடையது. அதற்கு ஆயத்தமாகும் கேப் டவுன் ஓட்டக்காரர்களின் பயிற்சிக்காகவே 1970இல் 56 கி.மீ. நீளமுள்ள டூ ஓஷன்ஸ் பந்தயம் தொடங்கப்பட்டது. முதலாண்டில் ஓடியவர்கள் 26 பேர் மட்டுமே. பின்னர் அது பல்லாயிரம் பேர் பங்கேற்கும் தனிப்பெரும் பந்தயமாக வளர்ந்தது. இவை இரண்டும் சாலை ஓட்டங்கள்.

தட ஓட்டத்தில் இவ்வழக்கம் வளர்ந்த இடங்களுள் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் குறிப்பிடத்தக்கது. இத்தடத்தில் முதலில் ஓடியவை குதிரைகள். டெவிஸ் கோப்பை எனும் 100 மைல் குதிரைப் பந்தயத்தில், 1974ஆம் ஆண்டு கோர்டி ஏன்ஸ்லி என்பவர் குதிரையின்றித் தம் கால்களாலேயே ஓடி 23 மணி 42 நிமிடங்களில் தொலைவைக் கடந்தார். 1977 முதல் இது மனிதருக்கான பந்தயமாகவும் நடைபெறுகிறது. சியேரா நெவாடா மலைத்தொடரின் ஒலிம்பிக் பள்ளத்தாக்கில் ஜூன் மாத இறுதியில் தொடங்கி ஆபர்ன் நகரில் முடிகிறது. மொத்த ஏற்றம் சுமார் 5,500 மீட்டர், மொத்த இறக்கம் சுமார் 7,000 மீட்டர். 30 மணி நேரத்திற்குள் முடித்தாக வேண்டும்.

இதற்கு ஆயத்தமாவோர் ஆபர்னில் முடியும் அமெரிக்கன் ரிவர் 50 மைல் (1980இல் தொடங்கியது), சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மே மாதத்தில் ஓடப்படும் மிவோக் 100 கி.மீ. போன்றவற்றைப் பயிற்சிப் பந்தயங்களாகக் கொள்வதுண்டு. கேன்யன்ஸ் எனும் பந்தயம் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் தடத்தின் சில பகுதிகளிலேயே ஓடப்படுகிறது. இவை தவிர, மே மாத இறுதி விடுமுறையில் மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்றும் நடத்தப்படுகிறது. அதில் தடத்தின் பின் எழுபது மைல்களை மூன்றாகப் பிரித்து ஓடிப்பார்க்கலாம். (பந்தயத்தில் இடம் பெறுவதற்காக முடிக்க வேண்டிய தகுதிப் பந்தயம் வேறு. அது முந்தைய பருவத்திலேயே முடிந்திருக்க வேண்டும்.)

முழுத் தொலைவையும் ஏன் ஓடிப்பார்ப்பதில்லை?

மாணவர்களுக்கு இயல்பாக எழும் வினா இது. 10 கி.மீ. பந்தயத்திற்குப் பயிற்சி செய்பவர் 15 கி.மீ. ஓடிப் பழகுகிறார், 100 மைல் ஓடுபவரோ அத்தொலைவைப் பயிற்சியில் தொடுவதே அரிது. காரணம் உடல் மீளும் காலம். ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளானைச் சுற்றி 166 கி.மீ. ஓடியவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றில், முழங்காலை நீட்டும் தசைகளின் வலிமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அது பழைய நிலைக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆயின. அவ்வளவு காலமும் முறையான பயிற்சி தடைப்படும். எலும்பும் தசைநாணும் தசையைவிட மெதுவாகத் தேறுகின்றன. ஆகவே உடலுக்குச் செய்தி சென்று சேரும் அளவுக்கு நீளமாகவும், சேதம் நிலைக்காத அளவுக்குக் குறுகியதாகவும் ஒரு தொலைவு தேவைப்படுகிறது. மென்பொருளை வெளியிடுமுன் சோதனைச் சூழலில் இயக்கிப் பார்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். சோதனையிலேயே வழங்கியை எரித்துவிடக் கூடாது.

இறக்கமும் தொடைத் தசையும்

மலையேறுவதே கடினம் என்பது பொதுவான எண்ணம். மூச்சைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நெடுந்தொலைவுத் தட ஓட்டத்தில் பலரை வீழ்த்துவது இறக்கமே. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்புறத் தசை உடலின் எடையைத் தாங்கித் தடுக்கிறது. அப்போது அத்தசை சுருங்க முயலும் நிலையிலேயே நீட்டப்படுகிறது. இவ்வகை வேலை தசையிழைகளில் நுண்ணிய கிழிவுகளை உண்டாக்கும். ஓரிரு நாள் கழித்து மாடிப்படி இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொள்ளச் செய்யும் வலி இதனால் வருவதே.

இதில் வியப்பூட்டும் செய்தி ஒன்று உண்டு. ஒருமுறை இவ்வாறு சேதமுற்றுத் தேறிய தசை, அதே வேலையை மறுமுறை செய்யும்போது மிகக் குறைந்த சேதமே அடைகிறது. இப்பாதுகாப்பு பல வாரங்கள் நீடிக்கும். தசை பெரிதாவதால் மட்டும் இது நிகழ்வதில்லை. நரம்புகள் தசையிழைகளை இயக்கும் முறையும், இழைகளைச் சூழ்ந்த இணைப்புத் திசுவும் மாற்றமடைகின்றன. மூச்சையும் இதயத்தையும் பழக்கச் சமதளம் போதும். இப்பாதுகாப்பைப் பெறவோ இறங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே பயிற்சிப் பந்தயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைவைவிட மொத்த இறக்கத்தைக் கருதுவதே அறிவுடைமை. தட்டையான 80 கி.மீ.யைவிட இறக்கம் மிகுந்த 50 கி.மீ. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓடுபவருக்குக் கூடுதலாகப் பயன் தரக்கூடும்.

சேதம் அளவு மீறினால் ஆபத்து. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் எனும் புரதம் குருதியில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். சிறுநீர் தேநீர் போலக் கருமையாவது இதன் அறிகுறி. அந்நிலையில் மருத்துவ உதவி உடனே தேவை. வலிக்காக ஐபுப்ரோஃபென் விழுங்கிக்கொண்டே ஓடும் பழக்கம் பலரிடம் உள்ளது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டக்காரர்களிடம் செய்யப்பட்ட ஓர் ஆய்வில், அம்மருந்தை உட்கொண்டோருக்குத் தசைச் சேதமோ வலியோ குறையவில்லை. மாறாக அழற்சிக் குறிகள் மிகுந்திருந்தன. இம்மருந்து சிறுநீரகத்திற்குச் செல்லும் குருதியையும் குறைக்கவல்லது.

உணவும் நீரும்

சமதளத்தில் ஓடுபவர் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோகலோரி செலவிடுகிறார். 60 கிலோ எடையுள்ளவருக்கு 80 கி.மீ.க்கு 4,800, 161 கி.மீ.க்கு ஏறக்குறைய 9,700 கிலோகலோரி ஆகும். மலையில் இன்னும் கூடும். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருப்பதோ சுமார் 2,000 மட்டுமே. கொழுப்பிலிருந்து பெரும்பங்கு கிடைத்தாலும் மீதியை ஓடிக்கொண்டே உண்ண வேண்டும். குளுக்கோசை மட்டும் உண்டால் மணிக்கு ஏறத்தாழ 60 கிராம் வரை குடல் ஏற்கும்; ஃபிரக்டோசும் கலந்தால் 90 கிராம் வரை கூடும். பழகாத வயிறு இதில் பாதியையே வாந்தியாக வெளித்தள்ளிவிடலாம். குடலும் தசையைப் போலவே பயிற்சிக்கு இசைந்து கொடுக்கிறது. ஆறாவது மணிநேரத்தில் எது இனிக்கும், எது குமட்டும் என்பது அவரவர் ஓடிப்பார்த்து அறிய வேண்டியதே. இதனாலேயே, முதன்மைப் பந்தயத்தில் உண்ணவிருக்கும் உணவையே பயிற்சிப் பந்தயத்திலும் உண்பர்.

நீர் மிகுதியாகக் குடிப்பதும் தீங்கானது. குருதியில் சோடியத்தின் செறிவு குறைந்து மூளை வீங்கக்கூடும். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓர் ஓட்டக்காரர் இதனால் உயிரிழந்தார். பயிற்சிப் பந்தயத்திற்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பது எளிய சோதனை. சிறிது குறைந்திருப்பது இயல்பு. கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள். தாகத்திற்கேற்பக் குடிப்பதே இன்று பரவலாகத் தரப்படும் அறிவுரை.

வேகமும் இடைவெளியும்

பயிற்சிப் பந்தயத்தின் முதன்மை இடர், அது பந்தயமாகவே இருப்பது. மார்பில் எண் ஏறியதும், முன்னே செல்பவரை முந்தும் ஆசை எழுகிறது. முழு ஆற்றலையும் செலவிட்டு ஓடினால், மீள்வதற்கே வாரங்கள் கழிந்து, முதன்மைப் பந்தயத்திற்கான பயிற்சி குலைந்துவிடும். உடன் ஓடுபவரோடு முழு வாக்கியங்களில் பேச முடிகிற வேகமே ஏற்றது, ஏற்றங்களில் நடக்கலாம். இடைவெளியைப் பொறுத்தவரை, 50 மைலுக்கு ஐந்து முதல் எட்டு வாரங்கள் எனப் பலர் கொள்வர். 100 கி.மீ. எனில் இன்னும் சற்று முன்னதாக ஓடுவது நலம்.

பயிற்சிப் பந்தயம் தராதவை

சில ஆயத்தங்களை இம்முறையால் பெற இயலாது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் தடத்தின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் பகல் வெப்பம் 38 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு; ஏப்ரல் மாதப் பந்தயமோ குளிரில் முடிந்துவிடும். வெப்பத்திற்கு உடல் பழக 10 முதல் 14 நாட்கள் தேவை. பெற்ற பழக்கமும் சில வாரங்களில் மறைந்துவிடும். எனவே ஜூன் மாதத்தில் நண்பகல் வெயிலில் ஓடுவதையோ, ஓட்டத்திற்குப் பின் நீராவிக் குளியல் அறையில் அமர்வதையோ தனியாக மேற்கொள்கின்றனர். இரவோட்டமும் அத்தகையதே. 50 மைலைப் பெரும்பாலோர் பொழுது சாய்வதற்குள் முடித்துவிடுவதால், தலைவிளக்கின் ஒளியில் கல்லையும் வேரையும் இனங்காணும் பழக்கத்தை வேறு இரவுகளில்தான் பெற வேண்டியுள்ளது.