மாத்திரையின் அளவு குறைந்த வரலாறு

கர்ப்பத் தடைக்கென்று அமெரிக்க அரசாங்கம் 1960-ஆம் ஆண்டில் முதன்முதலாக அனுமதித்த எனோவிட் மாத்திரையில், ஈஸ்ட்ரோஜன் இனத்தைச் சேர்ந்த மெஸ்ட்ரனால் 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று நம் அரசாங்க சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் மாத்திரையிலோ அவ்வினத்து மருந்து 30 மைக்ரோகிராம்தான். இந்தக் குறைவு விஞ்ஞானிகளின் தயையால் மட்டும் வந்ததன்று. அவஸ்தைப்பட்ட பெண்களின் முறையீட்டால் வந்தது என்பதே என் அபிப்பிராயம்.

1956-இல் போர்ட்டோ ரீக்கோ தீவில், ரியோ பியட்ராஸ் குடியிருப்பின் ஏழைப் பெண்களிடம் அம்மருந்து பரீக்ஷிக்கப்பட்டபோது, பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே என்ற பெண்மணி, கருவைத் தடுப்பதில் அது தவறுவதில்லை என்று ஒப்புக்கொண்டதோடு, நூற்றுக்குப் பதினேழு பேர் குமட்டலாலும் தலைச்சுற்றலாலும் வாந்தியாலும் வருந்துகின்றனர் என்றும், ஆகவே பொது உபயோகத்துக்கு அது ஏற்றதன்று என்றும் தெரிவித்தார். ஆராய்ச்சியை நடத்திய கிரிகரி பிங்கஸோ, அத்தொல்லைகளிற் பல மனத்தின் கற்பனையே என்று கருதினார். அந்த எச்சரிக்கை அன்றே மதிக்கப்பட்டிருந்தால் எத்தனை துன்பம் குறைந்திருக்கும்!

குமட்டலினும் பெரிய ஆபத்து ஒன்று பின்னர் வெளிப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் மிகும்போது கல்லீரல் இரத்தத்தை உறையச் செய்யும் புரதங்களை அதிகமாக உற்பத்தி செய்வதும், உறைதலைத் தடுக்கும் புரதங்கள் சில குறைவதும் நேர்கின்றன. அதனால் காலின் இரத்தக் குழாயில் திரளும் இரத்தக் கட்டி நுரையீரலுக்குச் சென்று அடைத்தால் உயிருக்கே ஆபத்தாகும். அம்மருந்தை உட்கொண்ட ஒரு நர்ஸுக்கு நுரையீரலில் இவ்வாறு அடைப்பு நேர்ந்த செய்தி 1961-லேயே பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. பிரிட்டன், ஸ்வீடன், டென்மார்க் ஆகிய மூன்று தேசங்களின் வைத்தியர்கள் அனுப்பிய தகவல்களை இன்மன், வெஸி முதலான ஆராய்ச்சியாளர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்து, ஈஸ்ட்ரோஜன் அளவு ஏற ஏற இந்த அபாயமும் ஏறுகிறது என்று கண்டனர். 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்ட மாத்திரைகளைத் தவிர்க்குமாறு 1969 டிசம்பரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது.

அடுத்த மாதமே அமெரிக்க செனட்டில் செனட்டர் கேலார்ட் நெல்ஸன் தலைமையில் இம்மாத்திரைகளைப் பற்றிய விசாரணை தொடங்கிற்று. மாத்திரை உண்ட பெண் ஒருத்தியேனும் சாட்சி சொல்ல அழைக்கப்படாததைக் கண்டு, பார்வையாளர் வரிசையிலிருந்த பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்டார்கள். அதன் பயனாக, அபாயங்களை விளக்கும் துண்டுப் பிரசுரம் மாத்திரைப் பெட்டியிலேயே இடம் பெற்றது. 50 மைக்ரோகிராமுக்கு மிஞ்சிய மாத்திரைகள் அந்நாட்டுச் சந்தையிலிருந்து நீங்க 1988 வரை ஆயிற்று.

அளவு குறைந்தாலும் அபாயம் அடியோடு அகன்றுவிடவில்லை. முப்பத்தைந்து வயதைக் கடந்து புகை பிடிப்பவர்களும், இரத்த அழுத்தம் மிகுந்தவர்களும், முன்பு இரத்தக் கட்டி கண்டவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. சகோதரிகளே, பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். முதல் மாத்திரைக்கு முன் அதை முழுதும் படியுங்கள்.