வளரும் அருங்காட்சியகமும் வருங்கால இடமும்

வீடு கட்டுகிறவர், மக்கள் வளர்வர், மருமகள் வருவாள் என்று எண்ணிப் பின்கட்டுக்கும் இடம் விடுகிறார். ஆனால், அருங்காட்சியகம் கட்டும்போது திறப்பு விழா நாளை எண்ணுகிறோமேயன்றி, அதன்பின் வரும் ஐம்பது ஆண்டுகளை எண்ணுவதில்லை. இதன் விளைவு யாது? சென்னையே விடை கூறும்.

1851-ஆம் ஆண்டில், சென்னை இலக்கியக் கழகம் அளித்த 1,100 கற்பாறை மாதிரிகளோடு சென்னை அரசினர் அருங்காட்சியகம் கல்லூரிச் சாலையில் தொடங்கிற்று. எட்வர்டு பால்போர் என்னும் மருத்துவர் அதன் முதற் பொறுப்பாளர். 1854-இலேயே அது எழும்பூர்ப் பாந்தியன் வளாகத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1855-இல் விலங்குக் காட்சிச்சாலை ஒன்றும் தோன்றிற்று. அது 1863-இல் மக்கள் பூங்காவுக்குச் சென்றது. பிறகு 1985-இல் வண்டலூர்க் காட்டை அடைந்தது. எழும்பூரிலோ 1896-இல் கன்னிமாரா நூலகமும், 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமும் எழுந்தன. இத்தனையையும் தாங்கியது எது? முதற் கட்டடம் அன்று. அதனைச் சுற்றியிருந்த விரிந்த நிலமே ஆகும்.

அருங்காட்சியகம் ஏன் ஓயாது வளர்கிறது? அது பொருளை விற்பதில்லை. பெற்றதைக் காப்பதே அதன் தொழில். கீழடியில் 2023-இல் அருங்காட்சியகம் திறந்த பின்னரும் அகழாய்வு தொடர்ந்தது. புதியன வரும்; பழையனவும் இருக்கும். ஆகவே இடம் வேண்டும்.

பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே இதற்கு ஒரு வழி கண்டார். நத்தை ஓடு போல் நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி வளரும் காட்சிச்சாலை அவர் கனவு. அகமதாபாத்திலும், தோக்கியோவிலும், சண்டிகரிலும் அக்கருத்தை ஒட்டிக் கட்டடங்கள் எழுந்தன. எனினும் எதுவும் அவ்வாறு சுற்றி வளரவில்லை. தோக்கியோவில் 1979-இல் தனிக் கட்டடமே சேர்க்கப்பட்டது. வளரும் வடிவம் மட்டும் போதாது என்பதே இதனால் நாம் அறிவது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது என்ன? முதலாவது, கணக்கு. ஆண்டுக்கு 200 பொருள்கள் வருவதாகவும், ஓர் அலமாரி 50 பொருள்கள் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4 அலமாரிகள். 25 ஆண்டுகளில் 100 அலமாரிகள்! இரண்டாவது, காட்சிக் கூடத்தோடு பண்டக அறையையும் திட்டமிடல். பெரிய காட்சியகங்களில் மக்கள் பார்ப்பது சிறு பகுதியே; பெரும்பகுதி உள்ளே உறங்குகிறது. மூன்றாவது, விரிவாக்கம் எத்திசையில் என்று முன்னரே முடிவு செய்து, அத்திசையில் கிணறோ, கழிவறையோ, மாடிப்படியோ அமைக்காதிருத்தல். நான்காவது, கற்சிலைகளின் பாரத்தைத் தரைத்தளத்துக்கே விடுதல்.

இவற்றை நான் எழுதக் காரணம் உண்டு. இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் என் ஊர். ஏலத் தோட்டங்களை நம்பித் தமிழகத்திலிருந்து மலையேறியவர்களின் பிள்ளைகள் நாங்கள். பாட்டன் போர்த்திய கம்பளி, பாட்டி சுமந்த கூடை, பெயர் பதிந்த செக்ரோல் ஏடு ஆகியவை ஒவ்வொன்றாகப் பழைய பொருள் வியாபாரிக்குப் போகின்றன. அவற்றைக் காக்க ஓர் அறை கட்டலாம் என்று ஊரில் சிலர் பேசுகின்றனர். நல்ல எண்ணமே. ஆனால், ஓர் அறை ஓராண்டில் நிரம்பிவிடும். பின்னர் வரும் ஏடுகள் தாழ்வாரத்தில் கிடந்து, தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தில் பூஞ்சை பிடித்து அழியும். கொடுத்தவர் மனம் நொந்து, அடுத்தவர் கொடுக்கத் தயங்குவார்.

ஆகையால் நான் ஊராரிடம் வேண்டுவது ஒன்றே. கட்டுவது ஓர் அறையாகவே இருக்கட்டும். ஆனால் பக்கத்தில் நான்கு அறைக்கு நிலம் விடுங்கள். இருக்கும் அந்த அறையிலும் பாதியை உலர்ந்த பண்டகமாக ஒதுக்குங்கள். அறையைப் பிறகும் கட்டிக்கொள்ளலாம். விட்ட நிலத்தை மீட்பது அரிது. நண்பர்களே, உங்கள் ஊரிலும் இத்தகைய முயற்சி எழுமாயின், முதற்கல் நாட்டும் முன் இதனை எடுத்துரையுங்கள்.