நம்மைச் சோதித்துப் பார்ப்பவரா கடவுள்?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் பகுதிகளில் ஷிப்ட் முடிந்து விடுதிக்குத் திரும்பும் இளையோருக்குக் கைப்பேசிதான் பொழுதுபோக்கு. தூக்கம் வரும்வரை அதில் ஏதோ ஒரு தொடர் ஓடிக்கொண்டிருக்கும். வேற்றுக்கோள், விண்கலம் என்று விரியும் விஞ்ஞானத் தொடர்களை விரும்பிப் பார்ப்பவர்களும் உண்டு. இத்தகைய தொடர்களுள் பழைமையான ஒன்று, 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் டிரெக்'. 1980-களில் ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனிலும் வந்ததால் பெற்றோர் சிலருக்கும் அது நினைவிருக்கலாம்.

திருச்சபைக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். தொடர்பு உண்டு. இத்தொடரில் அடிக்கடி 'தெய்வங்கள்' வருகின்றன. அவை யார், எங்கிருந்து வந்தன, எது பெரியது என்று உலகெங்கும் இரசிகர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து வருகிறார்கள். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் மண்ணுக்குக் கடவுள் யார் என்ற கேள்வி ஒன்றும் புதிதல்லவே!

அந்தத் தெய்வங்களுள் பெயர் பெற்றவர் 'கியூ'. (நம் தொழிற்சாலைகளில் எல்லாரும் அஞ்சும் கியூ.சி. பிரிவோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனாலும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்!) 1987-ல் வெளிவந்த இரண்டாம் தலைமுறைத் தொடரின் முதல் கதையிலேயே அவர் தோன்றினார். விரலைச் சொடுக்கினால் எதையும் செய்வார். காலத்தைப் பின்னோக்கித் திருப்புவார். மனித இனத்தையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, 'நீங்கள் வாழத் தகுதியுள்ளவர்களா?' என்று விசாரணை நடத்துவார். 1989-ல் வந்த ஒரு கதையில், மனிதரின் கர்வத்தை அடக்குவதற்காக விண்கலத்தைக் கொடிய எதிரிகளின் முன் தூக்கி எறிகிறார். அந்தப் பாடத்தில் பதினெட்டு பேர் உயிரிழக்கிறார்கள். கியூவுக்கோ அது ஒரு சோதனை மட்டுமே.

கியூவுக்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1967 ஜனவரியில், டிரெலேன் என்ற இன்னொரு வல்லமையாளர் வந்திருந்தார். கோள்களைக்கூட இடம் மாற்றக்கூடியவர். கப்பல் தலைவரைப் பிடித்துவைத்து வேட்டையாடி மகிழ்வார். கடைசியில் பார்த்தால் அவர் ஒரு சிறுபிள்ளை! பெற்றோர் வந்து, 'விளையாடியது போதும்' என்று கண்டித்து அழைத்துப்போகிறார்கள். இந்தப் பிள்ளையும் கியூவின் இனத்தைச் சேர்ந்ததுதானோ என்பது இரசிகர்களின் நெடுநாள் ஊகம். 1994-ல் பீட்டர் டேவிட் என்ற எழுத்தாளர் அந்த ஊகத்தின் மேலேயே ஒரு நாவலைக் கட்டினார்.

தமிழ் வாசகர்களுக்கும் இது அந்நியமான விளையாட்டல்ல. 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரைப் படித்தவர்களுக்கு ஜீவாவை நினைவிருக்கும். 2020-களின் இந்தியாவை ஆளும் அந்தத் தலைவனே மக்களுக்கு எல்லாம். அவனைத் தொழாத குறைதான். நெருங்கிப் பார்த்தபோது ஆளே இல்லை, ஒளியால் உண்டாக்கிய பிம்பம் மட்டுமே. அங்கே ஒரு வெற்றுப் பிம்பம், இங்கே ஒரு விளையாட்டுப் பிள்ளை. எழுத்தாளர்கள் திரையை விலக்கிக் காட்டுவது ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது.

விவிலியத்திலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. லிஸ்திரா நகரில் கால் ஊனமுற்ற ஒருவரைப் பவுல் நடக்கச் செய்ததும், தெய்வங்களே மனித உருவில் இறங்கி வந்துவிட்டதாக மக்கள் நம்பினார்கள். பலியிடக் காளைகளோடு வந்துவிட்டார்கள். பர்னபாவும் பவுலும் ஆடைகளைக் கிழித்துக்கொண்டு, 'நாங்களும் உங்களைப் போன்ற மனிதர்களே' என்று தடுக்க வேண்டியதாயிற்று (திப 14:8-18). வல்லமையைக் கண்டவுடனே 'கடவுள்' என்று பெயர் சூட்டுவது மனிதரின் பழைய பழக்கம்.

வேற்றுக்கோள்களில் அறிவுள்ள உயிர்கள் இருக்கலாம் என்று எண்ணுவது விசுவாசத்திற்கு முரணானதல்ல. வத்திக்கான் விண்ணாய்வு மையத்தின் இயக்குநராக இருந்த இயேசு சபைக் குரு ஹோசே கபிரியேல் ஃபூனஸ் 2008-ல் இதையே வெளிப்படையாகச் சொன்னார். (2025 முதல் அம்மையத்தின் இயக்குநராக இருப்பவர் இந்தியரான ரிச்சர்ட் டிசோசா என்ற இயேசு சபைக் குரு.) ஆனால் அப்படிப்பட்ட உயிர்கள் எவ்வளவு வல்லமை பெற்றிருந்தாலும் படைப்புகளே. திருச்சபை வானதூதர்களைக்கூட அப்படித்தான் பார்க்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கியது இதுவே: கடவுள் இருக்கின்றவற்றுள் மிகப் பெரியவர் என்று சொல்வது போதாது, இருக்கின்ற அனைத்தும் இருப்பதற்கே காரணமானவர் அவர். இருங்காட்டுக்கோட்டை கார் ஆலையில் வெல்டிங் செய்யும் ரோபோக்களுள் ஒன்று மற்றொன்றைவிட வலிமை கூடியதாக இருக்கலாம். மின்சாரத்தை அந்த வரிசையில் இன்னொரு பெரிய ரோபோவாக யாரும் சேர்ப்பதில்லை. அது நின்றால் எல்லாம் நிற்கும். எந்த உவமையும் முழுமையாகப் பொருந்தாது. மின்சாரத்துக்கு நம்மைத் தெரியாது, கடவுளுக்குத் தெரியும். ஆயினும் 'கியூ பெரியவரா, கடவுள் பெரியவரா' என்ற ஒப்பீடு ஏன் பொருளற்றது என்பது இதிலிருந்து விளங்கும்.

அறிவுக்கு இது எளிதில் விளங்கிவிடும். சிக்கல் மனதில்தான் இருக்கிறது. துன்பம் வரும்போது நம் வாயில் முதலில் வரும் சொல் என்ன? 'கடவுள் என்னைச் சோதிக்கிறார்.' 2014 நவம்பர் 1-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2006-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான இளையோருக்குச் சோறு போட்ட ஆலை அது. வரிப் பிரச்சனை, நிறுவனம் கைமாறியது, சந்தை மாறியது என்று அதற்குக் காரணங்கள் இருந்தன. அந்தக் காரணங்களை எல்லாம் விட்டுவிட்டு, ஊரில் கடனோடு இருக்கும் ஓர் இளம்பெண்ணிடம் 'இது கடவுள் வைத்த சோதனை' என்று சொன்னால், நாம் அவருக்கு அறிமுகப்படுத்துவது இயேசுவின் தந்தையை அல்ல, கியூவைத்தான். பிரஸ் இயந்திரத்தில் விரலை இழந்தவரிடமும், கான்ட்ராக்ட் முடிந்து அனுப்பப்பட்டவரிடமும் ஆறுதலாக நினைத்து இதே சொல்லைச் சொல்கிறோம். இயந்திரத்தில் பாதுகாப்புத் தடுப்பு இருந்ததா என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

ஆபிரகாமைக் கடவுள் சோதித்தார் என்று தொடக்க நூல் சொல்கிறதே, யோபுவின் கதை என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆபிரகாமின் கதை கத்தியைத் தடுத்து நிறுத்துவதில் போய் முடிகிறது. அந்தக் கடவுளுக்கு நரபலி வேண்டாம். யோபு, தன் துன்பத்துக்குத் தன் பாவமே காரணம் என்று சாதித்த நண்பர்களோடு கடைசிவரை வாதாடினார். இறுதியில் கடவுள் சினந்தது அந்த நண்பர்கள்மீது. புனித யாக்கோபோ, கடவுள் ஒருவரையும் சோதிப்பதில்லை என்று ஒளிவு மறைவின்றி எழுதிவிட்டார் (யாக் 1:13). கர்த்தர் கற்பித்த செபத்தில், கடவுளே நம்மைச் சோதனைக்குள் இட்டுச்செல்வதுபோல் ஒலிக்கும் மொழிபெயர்ப்பு சரியல்ல என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2017 டிசம்பரில் கூறினார். இத்தாலிய மொழியில் 2020-ல் அதை மாற்றினார்கள். நம் தமிழ்ச் செபத்திலோ 'விழவிடாதேயும்' என்றே இருக்கிறது. நாம் விழும் இடத்தில் கைகொடுக்க அழைக்கப்படுகிறவர் அவர். தினமும் சொல்வதால் அந்தச் சொல்லின் அருமை நமக்குத் தெரிவதில்லை.

சோதித்துப் பார்க்க விரும்பியவர் ஒருவர் உண்டு. அவர் மனிதர்! நம் திருத்தூதர் தோமா. உயிர்த்தவரை நம்ப அவர் கேட்டது விரல் சொடுக்கும் அற்புதத்தை அல்ல, காயங்களைத்தான். அவற்றைக் கண்டபின் 'ஆண்டவர்', 'கடவுள்' என்ற இரண்டு சொற்களும் சேர்ந்தே அவர் வாயில் வந்தன (யோவா 20:28). அவர் இரத்தம் சிந்தியதாக நம் மரபு சொல்லும் பரங்கிமலை இந்தத் தொழிற்சாலைகளுக்கு வெகு தொலைவில் இல்லை.

ஸ்டார் டிரெக் எழுதுகிறவர்களும் சுற்றிச் சுற்றி இதே வாசலுக்கு வந்தது வியப்பே. 1996-ல் வந்த ஒரு கதையில், கியூ இனத்தவர் ஒருவர் சாவற்ற வாழ்வில் சலிப்புற்று, சாக அனுமதி கேட்டு மனிதரிடம் தஞ்சம் புகுகிறார். 2022-ல் கியூவே இறக்கும் நிலைக்கு வருகிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆட்டிப்படைத்த கப்பல் தலைவரை அப்போதுதான் உண்மையாக நேசிக்கிறார். அவருக்காகத் தன் கடைசி வலிமையைச் செலவிடுகிறார், அவரது அணைப்பையும் பெறுகிறார். மரணத்தைக் கொடுத்த பிறகே அவருக்கு அன்பையும் கொடுக்க அவர்களால் முடிந்தது. அடுத்த ஆண்டே கியூவை மீண்டும் திரையில் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது வேறு கதை. சின்னத்திரையில் யாரும் அவ்வளவு எளிதில் சாவதில்லை.

இரசிகர்களின் அந்தப் பழைய ஊகமும் 2025 ஜூலையில் ஏறக்குறைய உறுதியானது. தொடரின் புதிய பாகம் ஒன்றில், டிரெலேன் என்று இரசிகர்கள் உடனே கண்டுகொண்ட குறும்புக்காரர் ஒருவர் மீண்டும் மனிதரை ஆட்டிவைக்கிறார். அவரைக் கண்டித்து அழைத்துப்போகத் தந்தை வருகிறார். தந்தைக்குக் குரல் கொடுத்தவர், 1987 முதல் கியூவாக நடித்துவரும் ஜான் டி லான்சி.