பழைய ராணுவ ஜீப்புக்கு எந்த லைட்டு ஒரிஜினல்? ஓட்டையைப் பார்த்தாலே தெரியும்!

ஸ்ரீபெரும்புதூர்:

வல்லக்கோட்டையைச் சுற்றி ஒரகடம், வல்லம் பகுதி கம்பெனிகளில் தினமும் புதுசு புதுசாக கார், லாரி, புல்லட் என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. ஆனால் பழைய ராணுவ ஜீப்பை வாங்கி, பழையபடியே ஆக்கி ஓட்ட ஆசைப்படுகிறவர்களும் உண்டு. என்ஜின், பெயிண்ட் என்று பணத்தைக் கொட்டுகிறவர்கள் கடைசியில் கோட்டை விடுவது லைட்டில்தான். "லைட்டுதானே, எது கிடைக்குதோ அதை மாட்டு" என்று சொன்னால் அங்கேயே வண்டியின் மதிப்பு போச்சு!

முதலில் வண்டி எது?

இரண்டாம் உலகப்போரில், 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு என்ற இரண்டு அமெரிக்க கம்பெனிகள் 6 லட்சத்துக்கும் மேல் ஜீப் தயாரித்தன. 1942-க்குப் பிறகு வந்தவற்றில் முன்பக்க கிரில்லில் 9 பிளவு இருக்கும். ஹெட்லைட் சின்னது, கிரில்லுக்குள் பதுங்கி இருக்கும். போருக்குப் பின் வந்த சிவில் ஜீப்பில் 7 பிளவுதான். ஹெட்லைட்டும் பெரியது. நம்ம ஊரில் அதிகம் பார்க்கிற மகிந்திரா சிஜே 3பி இந்த ஜாதிதான். அதில் போர்க்கால லைட்டை மாட்டினால் பொருந்தாது. போர்டு வண்டி என்றால் போல்ட் தலையில்கூட ஆங்கில 'எப்' எழுத்து இருக்கும்.

குட்டி லைட்டு எதற்கு?

போர் நேரத்தில் ராத்திரி வெளிச்சம் தெரிந்தால் மேலே இருந்து குண்டு விழும். 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்ற பீதியில் சென்னை மக்கள் கூட்டம் கூட்டமாக ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். அந்தக் காலத்து வண்டி என்பதால், பெரிய லைட்டைப் போடாமலே ஓட்டுகிற மாதிரி குட்டி குட்டி இருட்டடிப்பு லைட்டுகள் வைத்தார்கள். ஹெட்லைட் பக்கத்தில் இரண்டு. பின்னாளில் வந்த வண்டிகளில் இடது மட்கார்டு மேல் மூடி போட்ட லைட்டு ஒன்று.

பின்னால் இருக்கும் இருட்டடிப்பு லைட்டில் ஒரு சூட்சுமம். பின்னால் வரும் டிரைவருக்கு தூரத்தில் ஒரே புள்ளியாகத் தெரியும். சரியான இடைவெளியில் இரண்டு. ரொம்ப நெருங்கினால் நாலு! அதை வைத்தே இடித்துக்கொள்ளாமல் வரிசையாகப் போனார்கள்.

இரண்டு பக்கமும் பின்லைட்டு ஒரே மாதிரி என்று நினைப்பதும் தப்பு. சாதாரண சிவப்பு லைட்டு இடது பக்கம் மட்டும்தான். வலது பக்கம் இருட்டடிப்பு லைட்டுதான். இண்டிகேட்டர் அப்போது கிடையவே கிடையாது.

ஹெட்லைட்டும் சும்மா இல்லை. காது வைத்த நட்டைக் கழற்றினால் பின்பக்கமாகத் திரும்பி என்ஜினுக்கு வெளிச்சம் அடிக்கும். ராத்திரி ரிப்பேருக்கு வசதி. அந்தக் கீல் பிராக்கெட் இல்லை என்றால், யாரோ மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஓட்டை சொல்லும் கதை

லைட்டு தொலைந்திருந்தாலும் அது இருந்த இடம் பாடியில் இருக்கும். பழைய பெயிண்டைப் பக்குவமாகச் சுரண்டிப் பாருங்கள். பேக்டரியில் பஞ்ச் அடித்த ஓட்டை விளிம்பு ஒரே சீராக இருக்கும். பட்டறையில் துளை போட்டதில் பிசிறு தெரியும். பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது கண்ணாலேயே பிடிபடும். அடைத்து வெல்டிங் வைத்த இடத்தையும் விடக்கூடாது.

அடுத்து கரண்ட். போர்க்கால ஜீப் 6 வோல்ட். அமெரிக்க ராணுவத்துக்கு 1950-ல் வந்த எம்38 ஜீப் 24 வோல்ட். 6 வோல்ட் பல்பை 12 வோல்ட் பேட்டரியில் மாட்டினால் பியூஸ் போய்விடும். ஆகவே பேட்டரியைப் பார்த்துவிட்டு பல்பு வாங்குவது நல்லது.

ஏன் இவ்வளவு கவனம்?

2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவு ஆகி 50 வருடம் தாண்டிய டூவீலர், நாலு சக்கர வண்டிகளுக்கு 'விஏ' எழுத்துடன் தனி நம்பர். புதுப் பதிவுக் கட்டணம் 20 ஆயிரம் ரூபாய். வண்டி பழைய உருவத்திலேயே இருக்க வேண்டும், சேசிஸ், பாடி, என்ஜினைப் பெரிதாக மாற்றி இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. லைட்டுக்காக பாடியை வெட்டி ஒட்டுகிறவர்கள் இதை மறக்கக்கூடாது.

புதுப்பேட்டைக்குப் பழைய சாமான் தேடிப் போகிறவர்கள், பாடியில் இருக்கும் ஓட்டைகளின் அளவையும் போட்டோவையும் கையோடு கொண்டுபோவது நல்லது. பட்டறையில் கழற்றும்போது துருப்பிடித்த கிண்ணம், உடைந்த கண்ணாடி, பிராக்கெட் எதையும் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். எந்த லைட்டு ஒரிஜினல் என்று காட்டப்போவது அந்தத் துருப்பிடித்த சாமான்தான்.